போர் விமானத்தின் ஏற்றுமதி வாய்ப்பை மதிப்பிடுவது எப்படி?

ஒரு போர் விமானத்தை எத்தனை நாடுகள் வாங்கக்கூடும் என்று கணிக்க முற்படுவோர் பெரும்பாலும் அதன் வேகம், ரேடார் எட்டும் தொலைவு, சுமக்கும் ஏவுகணைகள் ஆகியவற்றிலிருந்தே தொடங்குகிறார்கள். இவையும் தேவைதான்; ஆனால் விற்பனையை முடிவு செய்பவை இவை அல்ல. 2000களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுக் கடற்படைக்கு வந்துவிட்ட ரஃபேல், தென் கொரியாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவின் எஃப்-15 விமானத்திடமும், பிரேசிலில் சுவீடனின் கிரிப்பனிடமும் தோற்றது. அதன் முதல் ஏற்றுமதி ஒப்பந்தம் 2015 பிப்ரவரியில்தான் எகிப்துடன் கையெழுத்தானது. அதன் பிறகு கத்தார், இந்தியா, கிரீஸ், குரோஷியா, ஐக்கிய அரபு அமீரகம், இந்தோனேசியா, செர்பியா என்று ஒன்றன்பின் ஒன்றாக நாடுகள் வாங்கின. இடைப்பட்ட காலத்தில் விமானம் மேம்பட்டது உண்மையே. ஆனால் அதைவிட அதிகமாக மாறியது வாங்கும் நாடுகளின் நிலை. எனவே மதிப்பீட்டை விமானத்திலிருந்து அல்ல, வாங்கும் நாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

செய்தி எந்தப் படியில் நிற்கிறது?

முதல் வேலை, கையில் உள்ள செய்திகளைத் தரம் பிரிப்பது. பல நாடுகள் "ஆர்வம் காட்டுகின்றன" என்ற வகை அறிவிப்பைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். விமானக் கண்காட்சியில் விளக்கம் கேட்டுவிட்டுப் போன தூதுக்குழுவும் அதில் ஒரு நாடாகவே எண்ணப்பட்டிருக்கும். தகவல் கோருதல், விலைப்புள்ளி கோருதல், பறப்புச் சோதனை, இறுதிப் பட்டியல், தேர்வு, ஒப்பந்தம், முன்பணம் என்று படிகள் பல உள்ளன. எந்தப் படியிலும் பேச்சு முறிந்துபோகலாம். 126 விமானங்களுக்காக இந்தியா நடத்திய போட்டியில் ரஃபேல் 2012 ஜனவரியில் தேர்வானது. மூன்றாண்டுகளுக்கும் மேல் பேசிய பிறகு அந்த முயற்சி கைவிடப்பட்டு, 2016-இல் 36 விமானங்களுக்கு மட்டும் இரு அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் ஏற்பட்டது.

இந்தோனேசியாவைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். 2022 பிப்ரவரி 10 அன்று அந்த நாட்டைப் பற்றி இரண்டு செய்திகள் வந்தன. 42 ரஃபேல் விமானங்களை வாங்க அது ஒப்பந்தம் செய்துகொண்டது என்பது ஒன்று. 36 எஃப்-15 விமானங்களை 1,390 கோடி டாலர் வரையிலான மதிப்பில் அதற்கு விற்க அமெரிக்க வெளியுறவுத் துறை ஒப்புதல் அளித்தது என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தி விற்பனையே அல்ல. விற்க அனுமதி உண்டு என்று அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு, அதில் உள்ள தொகையும் உச்சவரம்பு மட்டுமே. 2023 ஆகஸ்டில் 24 எஃப்-15 விமானங்களுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அது ஆர்டர் ஆகிவிடவில்லை. ரஃபேல் ஒப்பந்தமும் கையெழுத்தான அன்றே முழுமை பெறவில்லை: முதல் 6 விமானங்களுக்கான பகுதி 2022 செப்டம்பரிலும், அடுத்த 18 விமானங்களுக்கானது 2023 ஆகஸ்டிலும், மீதி 18 விமானங்களுக்கானது 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. தயாரிப்பாளரான தசோ நிறுவனமே ஒவ்வொரு பகுதியும் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அதை ஆர்டர் கணக்கில் ஏற்றியது. வெளியிலிருந்து கணிப்பவர் அதைவிடத் தாராளமாக எண்ணுவதற்குக் காரணமே இல்லை. உக்ரைன் 2025-இன் இறுதி மாதங்களில் கிரிப்பனுக்கும் ரஃபேலுக்கும் கையெழுத்திட்ட விருப்பக் கடிதங்களையும் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா?

பலரும் கடைசியில் பார்க்கும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டால் பட்டியலில் பாதி நாடுகள் தாமாகவே விழுந்துவிடும் என்பது என் கருத்து. விமானத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து, என்ஜின் யாருடையது, ரேடார் யாருடையது, விமானி அவசரமாக வெளியேறும் இருக்கை யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாகங்களைத் தரும் ஒவ்வொரு நாட்டுக்கும் விற்பனையைத் தடுக்கும் அதிகாரம் உண்டு. இஸ்ரேல் தன் கிஃபிர் விமானங்களை எக்குவடோருக்கு விற்க முயன்றபோது, அவற்றில் இருந்தது அமெரிக்க ஜே-79 என்ஜின் என்பதால் 1977-இல் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அரசு அதைத் தடுத்துவிட்டது. தென் கொரியாவின் எஃப்.ஏ-50 விமானத்தை அர்ஜென்டினா நாடியபோது, அதிலிருந்த பிரிட்டிஷ் பாகங்கள் குறுக்கே நின்றன. பிரிட்டனுடன் 1982-இல் நடந்த ஃபாக்லாந்து போருக்குப் பிறகு அர்ஜென்டினாவுக்குப் போர் விமானம் விற்க நினைக்கும் எவரும் முதலில் தேட வேண்டியது பிரிட்டனின் பெயரைத்தான். இறுதியில் 2024-இல் அந்த நாடு டென்மார்க் பயன்படுத்திய 24 எஃப்-16 விமானங்களை, அமெரிக்க ஒப்புதலுடன், வாங்கியது. கூட்டுத் தயாரிப்பிலும் இதே நிலைதான்: பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து உருவாக்கிய யூரோஃபைட்டர் டைஃபூனை சவூதி அரேபியாவுக்குக் கூடுதலாக விற்பதற்கு ஜெர்மனி நெடுங்காலம் இணங்கவில்லை, 2024 ஜனவரியில்தான் அது தன் எதிர்ப்பைக் கைவிட்டது.

விற்பவரின் அனுமதிக்கு வாங்குபவரின் தகுதியும் ஒரு நிபந்தனை. எஃப்-35 வேண்டும் என்று கேட்ட தாய்லாந்தை, நட்பு நாடாக இருந்தும், பயிற்சியும் பராமரிப்பு வசதியும் போதாது என்று 2023-இல் அமெரிக்கா திருப்பி அனுப்பியது. 2025-இல் அந்த நாடு கிரிப்பனுக்கு ஒப்பந்தம் செய்தது. ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கிய துருக்கி, தானும் பங்கெடுத்து உருவாக்கிய எஃப்-35 திட்டத்திலிருந்து 2019-இல் நீக்கப்பட்டது. ஆக, ஒரு விற்பனையாளர் மறுக்கும் இடம் இன்னொருவருக்கு வாய்ப்பாகிறது. மதிப்பீட்டில் இதற்கென்று தனியாக ஒரு பத்தி ஒதுக்குவது நல்லது.

தேவையும் பணமும்

தேவையைக் கண்டறிவது ஒப்பீட்டளவில் எளிது. அந்த விமானப்படையிடம் எந்த ஆண்டில் வாங்கிய எந்த வகை விமானங்கள் உள்ளன, அவை எப்போது ஓய்வு பெறும், ஏற்கெனவே யாருடைய ஆயுதங்களும் எரிபொருள் நிரப்பு விமானங்களும் பயிற்சி முறையும் உள்ளன என்று பார்த்தால் போதும். எஃப்-16 விமானங்களைப் பல பத்தாண்டுகளாக ஓட்டும் படை அதே குடும்பத்தை விட்டு எளிதில் வெளியேறாது.

பணத்தைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் செய்திகளில் வரும் விலை அரிதாகவே முழு விலை. சுவிட்சர்லாந்து 36 எஃப்-35 விமானங்களைத் தேர்ந்தெடுத்தபோது கொள்முதல் விலை ஏறத்தாழ 507 கோடி ஃபிராங்க் என்றும், 30 ஆண்டுகள் பறக்கவைக்கும் செலவையும் சேர்த்தால் சுமார் 1,550 கோடி ஃபிராங்க் என்றும் அரசு கணக்குக் காட்டியது. அதாவது வாங்கும் விலை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த விலையும் நிலைக்கவில்லை: நிலையான விலை என்று சுவிஸ் அரசு நம்பியிருந்தது, ஆனால் 65 கோடி முதல் 130 கோடி ஃபிராங்க் வரை கூடுதலாகக் கேட்கப்படுவது 2025-இல் வெளியானது. மீதி இரண்டு பங்கைச் சமாளிக்க இயலாத நாட்டில் என்ன நடக்கும் என்பதைத் தென் ஆப்பிரிக்கா காட்டியது. 26 கிரிப்பன்களை வாங்கிய அந்த நாட்டில், பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாததால் 2021–22 காலத்தில் அவை பறக்க முடியாமல் தரையில் நின்றன. ஆகவே வாங்கும் நாட்டின் பாதுகாப்பு நிதிநிலையில் கொள்முதலுக்கான ஒதுக்கீட்டை மட்டும் பாராமல், ஆண்டுதோறும் எரிபொருளுக்கும் உதிரி பாகங்களுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்றும் தேட வேண்டும்.

பணமும் தேவையும் இருந்தும் மக்கள் மறுக்கலாம். அதே சுவிட்சர்லாந்தில் 2014 மே மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில், 22 கிரிப்பன்களை வாங்கும் திட்டத்தை 53.4 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். 2020-இல் புதிய போர் விமானங்களுக்காக 600 கோடி ஃபிராங்க் செலவிட 50.1 விழுக்காட்டினரே ஆதரவளித்தார்கள்.

ஆர்டர் வரிசை

கடைசியாகப் பார்க்க வேண்டியது தொழிற்சாலையின் வரிசை. 2024 இறுதியில் தசோவிடம் தயாரிக்க வேண்டியிருந்த ரஃபேல்கள் 220. அந்த ஆண்டில் அது ஒப்படைத்தவை 21. அந்த வேகத்திலேயே போனால் வரிசையின் கடைசியில் நிற்பவர் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதனால்தான் நிறுவனம் உற்பத்தியை உயர்த்த முயல்கிறது. வாங்குபவருக்கு அவசரம் என்றால் விற்கும் நாடு தன் சொந்தப் படையிலிருந்து விமானங்களை எடுத்துக் கொடுக்க முன்வருகிறதா என்பதே முடிவைத் தீர்மானிக்கும். பிரான்ஸ் கிரீஸுக்கும் குரோஷியாவுக்கும் அப்படித்தான் கொடுத்தது. தென் கொரியாவின் வெற்றிக்கும் வேகமே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்: போலந்து 48 எஃப்.ஏ-50 விமானங்களுக்கு 2022 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்து, 2023 முடிவதற்குள் 12 விமானங்களைப் பெற்றுவிட்டது.

ஒரு விமானத்தில் பொருத்திப் பார்த்தால்

இந்தக் கேள்விகளை இந்தியாவின் தேஜஸ் விமானத்திடம் கேட்டுப் பார்க்கலாம். செய்திப் படியில் அது இதுவரை முன்பணத்தை எட்டவில்லை. மலேசியாவில் போட்டியிட்டு, 2023-இல் 18 விமானங்களுக்கான ஒப்பந்தத்தை எஃப்.ஏ-50 விமானத்திடம் இழந்தது. அனுமதியைப் பொறுத்தவரை என்ஜின் அமெரிக்காவுடையது, விமானியின் இருக்கை பிரிட்டனுடையது. எனவே அர்ஜென்டினா போன்ற சந்தை, பாகங்களை மாற்றாதவரை, அடைபட்டே இருக்கும். தேவை உள்ள நாடுகளுக்குக் குறைவில்லை, சிறிய ஒற்றை என்ஜின் விமானம் என்பதால் பறக்கவைக்கும் செலவும் சாதகமே. இடறுவது வரிசையில்தான். இந்திய விமானப்படை 2021-இல் கேட்ட, தேஜஸின் மேம்பட்ட வடிவமான 83 மார்க்-1ஏ விமானங்களின் ஒப்படைப்பு 2024-இல் தொடங்கியிருக்க வேண்டும். அவற்றுக்கான முதல் என்ஜினே 2025 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் 2025 செப்டம்பரில் மேலும் 97 விமானங்களுக்கு ஒப்பந்தமாகி, உள்நாட்டு வரிசை 180 ஆகிவிட்டது. ஆகவே தேஜஸைப் பற்றிக் கணிப்பவர் எந்த நாட்டுத் தூதுக்குழு வந்துபோனது என்பதை விட்டுவிட்டு, ஓர் ஆண்டில் எத்தனை என்ஜின்கள் வந்து சேர்ந்தன, எத்தனை விமானங்கள் படையிடம் ஒப்படைக்கப்பட்டன என்ற இரண்டு எண்களையே குறித்துவர வேண்டும்.