ஸ்லாப்புக்குள் காற்றை விட்டால் ராத்திரியில் எவ்வளவு குளிரும்? எக்செல்லில் போட்டுப் பார்ப்போம்

குடியாத்தத்தில் கத்திரி வெயில் நாளில் இரவு பத்து மணிக்குக் கான்கிரீட் தளத்தின் அடியில் கை வைத்துப் பாருங்கள். வெளியே காற்று தணிந்திருக்கும், தளம் மட்டும் அனலை விடாது. அந்தத் தளத்துக்குள்ளேயே துளை இருந்து, ராத்திரிக் காற்றை அதில் ஓட்டினால்? ஹாலோ கோர் ஸ்லாப்பின் (உள்ளே நீளவாக்கில் துளைகள் விட்டு வார்த்த கான்கிரீட் தளம்) துளைகளில் காற்றை ஓட்டும் டெர்மோடெக் முறை ஸ்வீடனில் உருவானது. அதன் கணக்கைத்தான் போடப்போகிறோம்.

முழு ஸ்லாப்பையும் எடுக்காதீர்கள். ஒரு துளையும் அதைச் சுற்றிய கான்கிரீட்டும் போதும். அகலம் 22 செ.மீ., கனம் 22 செ.மீ., துளை விட்டம் 15 செ.மீ., நீளம் 6 மீட்டர். துளையைக் கழித்தால் சுமார் 424 கிலோ கான்கிரீட். கிலோவுக்கு 880 ஜூல் வீதம், இதன் வெப்பநிலை ஒரு டிகிரி மாற 373 கிலோஜூல் வேண்டும்.

அடுத்து காற்று. வேகம் நொடிக்கு 1.5 மீட்டர் என்றால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) சுமார் 14,000, அதாவது கொந்தளிப்பான ஓட்டம். குழாய்க்குள் கொந்தளிப்பான ஓட்டத்துக்கான டிட்டஸ்-போல்ட்டர் சூத்திரத்தில் போட்டால் துளைச் சுவரின் வெப்பப் பரிமாற்றக் கெழு (சுவருக்கும் காற்றுக்கும் இடையே சூடு கைமாறும் வேகம்) சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 7 வாட் வாக்கில் வரும்.

புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். துளை முழுக்கக் காற்று ஒரே வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். காற்று போகப் போக ஸ்லாப்பின் சூட்டை வாங்கிக்கொள்கிறது; மறுமுனைக்கு வரும்போது அதனிடம் குளுமை பாதிதான் மிச்சம். 6 மீட்டரில், காற்றுக்கும் ஸ்லாப்புக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தின் 47 சதவீதம் கைமாறுகிறது. அதே காற்றை மூன்று துளைகளில் வளைத்து 18 மீட்டர் ஓட்டினால் 85 சதவீதம். துளையில் போகும் காற்றுக்கு டிகிரிக்கு 32 வாட் சூட்டைச் சுமக்கும் திறன். அதில் 47 சதவீதம் 15 வாட். இதுதான் நம் 'காற்றுப் பக்க' எண்.

அறைப் பக்கம் சுலபம்: அடிப்பரப்பு 1.32 சதுர மீட்டர், கெழு 8 என்று வைத்தால் டிகிரிக்கு 10.6 வாட். மேல்பரப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இனி எக்செல். 10 நிமிடத்துக்கு ஒரு வரி. புதிய ஸ்லாப் வெப்பநிலை = பழையது + (600 ÷ 3,73,000) × [15 × (காற்று − ஸ்லாப்) + 10.6 × (அறை − ஸ்லாப்)]. ஸ்லாப்பைவிட வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் மட்டும் முதல் பகுதியைச் சேர்க்க ஓர் 'இஃப்' போடுங்கள். சோம்பல்பட்டு 9 மணி நேரத்துக்கு ஒரு வரி வைத்தால் எண்கள் கீழும் மேலுமாகக் கூத்தாடும்.

ஸ்லாப்பும் அறையும் 31, வெளிக்காற்று 25 டிகிரி. காற்றை ஓட்டும் ஃபேனும் அதைச் சூடேற்றும்: 300 பாஸ்கல் அழுத்தம், 50 சதவீதத் திறன் என்றால் அரை டிகிரி. ஆகவே 25.5 என்று போடுங்கள். எட்டு மணி நேரத்தில் ஸ்லாப் 28.2-க்கு வரும். அறையை மறந்துவிட்டுப் போட்டால் 27.2 காட்டும், அதை நம்பாதீர்கள். மலையேறி ஆந்திராவின் பலமநேர் போனால் ராத்திரிக் காற்று இன்னும் சில்லென்றிருக்கும். அதே ஸ்லாப்புக்கு விடை வேறு.

பகலில் 36 டிகிரிக் காற்றை இந்த 28 டிகிரி ஸ்லாப் வழியாக விட்டால் அறைக்குள் 32-ல் வரும், மூன்று துளை வழியென்றால் 29-ல். ஆனால் அந்தச் சூட்டையெல்லாம் ஸ்லாப்தான் வாங்குகிறது, அதனால் மதியத்துக்குள் இந்தச் சுகம் குறையும். அந்த நேரத்தில் 'இஃப்'-ஐ எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குளிர்நாட்டில் சூடேற்றவும் இதே சமன்பாடுதான், காற்றின் வெப்பநிலையை மட்டும் உயர்த்த வேண்டும்.

ஒரு குறை உண்டு. ஸ்லாப் முழுக்க ஒரே வெப்பநிலை என்று சொல்ல பயோ எண் (பரப்பில் சூடு கைமாறுவதோடு ஒப்பிட்டால் உள்ளே சூடு பரவ எவ்வளவு தடை என்று காட்டும் எண்) 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும்; நமக்கு 0.3 வருகிறது. அதனால் எக்செல்லில் துளையை ஒட்டிய கான்கிரீட்டுக்கு ஒரு நெடுவரிசை, அடிப்பக்கத்துக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்து, நடுவே கான்கிரீட்டின் கடத்துதிறனைச் (மீட்டருக்கு, டிகிரிக்கு 1.5 வாட்) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.