'டேக் ஆஃப்': எந்த இடத்தில் என்ன பொருள்?

வினையும் சிறு சொல்லும் சேர்ந்த 'டேக் ஆஃப்' என்ற ஆங்கிலக் கூட்டுவினைக்கு அகராதி தரும் பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா, இருந்தால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

செயப்படுபொருள் இல்லையா? எழுவாயைப் பாருங்கள். விமானமோ பறவையோ என்றால் மேலெழுந்தது: 'த பிளேன் டுக் ஆஃப்'. ஆள் என்றால் பெரும்பாலும் சட்டெனக் கிளம்பிவிட்டார்: 'ஹீ டுக் ஆஃப்'. தொழிலோ புதிய யோசனையோ என்றால் சூடு பிடித்துவிட்டது: 'ஹர் பிசினஸ் டுக் ஆஃப்'. விமானம் கிளம்பியதைச் சொல்ல 'த பிளேன் வாஸ் டேக்கன் ஆஃப்' என்று எழுதுவது தவறு. செயப்படுபொருள் ஏற்காத வினை செயப்பாட்டுவினை ஆகாது.

செயப்படுபொருள் உடையோ செருப்போ கண்ணாடியோ என்றால், கழற்றுவது. அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரி. பெயருக்குப் பதில் 'இட்', 'தெம்' வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: 'டேக் தெம் ஆஃப்'. 'டேக் ஆஃப் தெம்' தவறு. காரணம் ஓசையில் இருக்கிறது: அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும், அழுத்தமில்லாத சிறு சொல் அதற்குப் பின்னால் நிற்காது. நீளமான செயப்படுபொருளோ கடைசிக்குப் போவதே இயல்பு: 'டேக் ஆஃப் த ஷூஸ் யூ வோர் எஸ்டர்டே'.

விடுப்பைச் சொல்லும்போது காலச்சொல்லை நடுவில் வையுங்கள்: 'ஐ டுக் மண்டே ஆஃப்'. 'லீவு போட்டேன்' என்ற நினைப்பில் வரும் 'ஐ புட் லீவ்' ஆங்கிலத்தில் இல்லை.

விலைக் கழிவில் குறையும் அளவு நடுவில், எதிலிருந்து குறைகிறதோ அது கடைசியில்: 'டேக் 10 பர்சென்ட் ஆஃப் த பிரைஸ்'. விளக்கை அணைக்க இந்த வினை உதவாது. அதற்கு 'டர்ன் ஆஃப்'.

இறந்தகாலத்தில் முதல் சொல் மட்டுமே மாறும்: டேக், டுக், டேக்கன். பெயர்ச்சொல்லானால் இரண்டையும் சேர்த்தோ இடைக்கோடு இட்டோ எழுதுவார்கள்; அப்போது அழுத்தம் 'டேக்' மேல் ஏறும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் எழுதி உரக்கப் படியுங்கள். கழற்றும் பொருளில் மட்டும் பெயரை எடுத்துவிட்டு 'இட்' போட்டு இன்னொரு முறை சொல்லுங்கள்.