இன்ஜின் வேலை முடிந்த லாரியை முதல் ஸ்டார்ட்டுக்குத் தயார் செய்வது எப்படி?

லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. கிராங்க் கிரைண்டிங் முடிந்து வந்து, ஹெட்டும் ஏறிவிட்டது. வண்டிக்காரருக்கு அன்றைக்கே மார்த்தாண்டத்துக்கு ஒரு லோடு இருக்கும். "ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்த்திரலாமே" என்பார். அங்கேதான் பொறுமை வேண்டும். ஓடி நிறுத்திய இன்ஜினில் பேரிங்கிலும் ஆயில் வழிகளிலும் கொஞ்சம் ஆயில் தங்கியிருக்கும். புதிதாகக் கட்டியதில், கட்டும்போது தடவிய ஆயில் மட்டும்தான். அப்படியே ஸ்டார்ட் செய்தால், பம்பு ஆயிலை இழுத்து மேலே அனுப்புவதற்குள் பேரிங்கும் கேமும் காய்ந்து உரசும். வாரக்கணக்கில் செய்த வேலை சில வினாடிகளில் கெட்டுப்போகும்.

அதனால் என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் ஆயில், அப்புறம் தண்ணீர், கடைசியில் டீசல். இன்லைன் பம்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு) வைத்த ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்துச் சொல்கிறேன். காமன் ரெயில் வண்டிக்கு (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகும் வகை) எது மாறுமோ அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கையால் சுற்றிப் பாருங்கள்

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களை மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அப்போது கம்ப்ரஷன் எதிர்க்காது, கைக்கு இன்ஜினின் உண்மையான இறுக்கம் தெரியும். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முழுதாக இரண்டு சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூட இரண்டு சுற்று வேண்டும். சீரான இறுக்கம் இருந்தால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் பிடித்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். நீளமான பைப்பை மாட்டி இழுத்துத் தாண்ட வைக்காதீர்கள்.

அதோடு டேப்பட்டையும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் கேப்பையும், பார்த்துவிடலாம். ஆறு சிலிண்டரில் 1-6, 2-5, 3-4 என்று ஜோடி. ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் மாறும் இடத்தில், அதாவது ஒன்று மூடி மற்றது திறக்கத் தொடங்கும்போது, ஒன்றாவதின் டேப்பட்டை வையுங்கள். மற்றவையும் இதே முறைதான். கேப் எவ்வளவு என்பதை உங்கள் இன்ஜினின் மேனுவலில் இருந்து மட்டும் எடுங்கள். பக்கத்து வண்டிக்கு வைத்த அளவு உதவாது.

ஆயில் ஏற்றுவது

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேனுவல் சொல்லும் கிரேடில் ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டர் தலைகீழாகவோ படுக்கையாகவோ மாட்டும் வகை இல்லை என்றால், அதையும் ஆயிலால் நிரப்பித்தான் மாட்ட வேண்டும். டர்போ இருந்தால் அதன் ஆயில் பைப்பைக் கழற்றி, துவாரத்தில் சுத்தமான ஆயிலை விட்டுக்கொண்டே சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள்.

அடுத்து, ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் துவாரத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பி முதல் ஸ்டார்ட் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய வயரிங்கில் அது என்ன வேண்டுமானாலும் காட்டும்.

ஆயிலை மேலே ஏற்ற இரண்டு வழி உண்டு. பிரைமிங் டேங்க் கிடைத்தால் அதுதான் சிறந்தது. மூடிய டேங்கில் ஆயில் ஊற்றி, கம்ப்ரஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் கொடுத்து, மெயின் கேலரி (இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் முக்கிய வழி) பிளக் வழியாக உள்ளே தள்ளுவது. ராக்கர் கவரைத் திறந்து வைத்து, ஒருவர் கிராங்கை மெதுவாகச் சுற்ற வேண்டும். எல்லா ராக்கரிலும் ஆயில் கசிந்து வரும்வரை நிறுத்தக்கூடாது.

டேங்க் இல்லாத இடத்தில் செல்ஃப்பை நம்பித்தான் செய்ய வேண்டும். டீசல் பம்பின் ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டிவிட்டு, டீசல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். 15 வினாடி அடித்தால் 2 நிமிடம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகிப் போய்விடும். கேஜில் முள் எழும்பும்வரை இதைத் தொடருங்கள். நாலைந்து முறை அடித்தும் முள் அசையவில்லை என்றால் "ஸ்டார்ட் ஆனா ஏறிரும் மக்கா" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஆயில் பம்பு காற்றை இழுக்கிறதா, சக்‌ஷன் பைப் பேக்கிங் சரியாக உட்கார்ந்ததா, கேலரி பிளக் ஏதாவது விடுபட்டதா என்று பாருங்கள். சேம்பரை (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றுவது அலுப்பான வேலைதான், ஆனால் கிராங்கைத் திரும்பக் கழற்றுவதை விட எளிது. காமன் ரெயில் வண்டியில் டீசலை நிறுத்த எந்தக் கனெக்டரைக் கழற்றுவது என்பது மேனுவலில் இருக்கும்.

ஃபில்டரும் கேலரியும் நிரம்பியதால் சேம்பரில் அளவு குறைந்திருக்கும். ஸ்டிக்கில் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் பேட்டரியும்

கொளச்சல், முட்டம் பக்கம் கடலோரக் கிணறுகளில் உப்பு உண்டு. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். புதிதாகப் போட்ட லைனரின் வெளிப்பக்கம் அரித்துப் புள்ளி விழுவதைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. அதை மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற விடுங்கள். 24 வோல்ட் பேட்டரிகள் முழு சார்ஜில் இருக்க வேண்டும். இன்ஜினுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தால் எர்த் கேபிள் மாட்டும் இடத்தைச் சுரண்டி இரும்பு தெரிய வையுங்கள்.

டீசலில் ஏர் எடுப்பது

இங்கே குமரி மாவட்டத்தில் வருஷத்தில் இரண்டு மழைக்காலம். மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நின்ற வண்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். டேங்கின் அடி பிளக்கைத் திறந்து வடித்து, ஃபில்டர்களைப் புதிதாக மாற்றுங்கள்.

ஃபில்டர் மேலே இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். குமிழி நின்று டீசல் தெளிவாக வந்ததும் மூடிவிட்டு, டீசல் பம்பின் ஸ்குரூவிலும் அதே மாதிரி செய்யுங்கள். பிறகு ஸ்டாப் லீவரை விட்டு, நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி, கொஞ்சம் செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்குங்கள். அந்த நேரத்தில் விரலை அருகே கொண்டுபோகக் கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காமன் ரெயிலில் நாசில் பைப் நட்டைத் தொடவே வேண்டாம். அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்.

நிறுத்தும் வழி கையில் இருக்கட்டும்

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, நிறுத்த முடியுமா என்று பாருங்கள். டீசல் பம்பின் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) முழு டீசலில் சிக்கிக்கொண்டால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும். டர்போ வழியாக ஆயில் உள்ளே போனால் டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்றை அடைப்பதுதான் அப்போது ஒரே வழி. ஆகவே காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, வாயை முழுதாக மூடும் தடித்த பலகை ஒன்றோடு ஒருவர் பக்கவாட்டில் நிற்கட்டும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. தளர்வான சட்டை, தொங்கும் கைலி அருகே வேண்டாம். கியர் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கட்டை, பக்கத்தில் தீயணைப்பான். இன்னொருவர் ஸ்டாப் லீவரில் கை வைத்திருக்கட்டும்.

முதல் ஸ்டார்ட்

இப்போது செல்ஃப் அடியுங்கள். கண் கேஜில் மட்டும் இருக்க வேண்டும். 10 வினாடிக்குள் ஆயில் பிரஷர் ஏறி நிற்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பிரஷர் ஏறி நின்றுவிட்டால் ஆக்சிலேட்டரை உறுமவிடாமல் ஐட்லுக்குக் கொஞ்சம் மேலே, 1,000 ஆர்பிஎம் அருகே வைத்திருங்கள். ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்ததும் அணைத்து, காற்றுக் குழாயை ஏர் ஃபில்டரோடு மாட்டிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் பறக்கும் மண் புது லைனருக்குள் போகவே கூடாது.

சூடு ஏறும்வரை டார்ச் அடித்து ஆயில், தண்ணீர், டீசல் கசிவு பாருங்கள். தொடக்கத்தில் வெள்ளைப் புகை வரலாம், சூடானதும் குறைய வேண்டும். பிறகு அணைத்து, ஆற விட்டு, ஆயில் பால் நிறமாக மாறியிருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேனுவல் சொன்னால் ஹெட் போல்ட்டைத் திரும்ப இறுக்கி, டேப்பட்டை மீண்டும் சரிபாருங்கள்.

நாள் முழுக்க ஷெட்டில் ஐட்லில் ஓடவிட்டால் இன்ஜின் பழகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ரிங் லைனரோடு உட்கார எரியும் அழுத்தம் வேண்டும், அது லோடில்தான் கிடைக்கும். ஐட்லில் நெடுநேரம் ஓடினால் லைனர் வழவழப்பாகி, பிறகு ஆயில் குடிக்கும். ஆகவே பாதி லோடோடு சாலைக்குக் கொண்டுபோங்கள். நாகர்கோவிலில் இருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு வரை போய்வருவது இதற்கு நல்ல ஓட்டம். ஆடி மாதம் என்றால் திரும்பும்போது முப்பந்தலில் காற்று எதிரே அடிக்கும். மேல் கியரிலேயே திணற விடாமல் ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள். பேச்சிப்பாறை ஏற்றத்தை முழு லோடோடு ஏறுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆயிலை வழக்கமான கிலோமீட்டர் வரை வைக்காமல் சீக்கிரமே ஃபில்டரோடு மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். நுண்ணிய தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு. செதிலாகப் பளபளக்கும் பேரிங் உலோகம் இருந்தால் அடுத்த லோடு ஏற்ற வேண்டாம், சேம்பரை இறக்கிப் பேரிங்கைப் பாருங்கள்.