கிட் விமானம் கட்டுகிறீர்களா? பட்டறைப் பழக்கத்தை வாசலில் விட்டுவிடுங்கள்

அலுமினியத் தகடு வெட்டுவதும் ரிவெட் அடிப்பதும் சேலத்துப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் அளவு நாடா இல்லாமலேயே பாதி வேலையை முடித்துவிடுவார்கள். பாகங்களாக வாங்கி நாமே பொருத்திக் கட்டும், இரண்டு பேர் உட்காரும் கிட் விமானத்தில் கைகொடுப்பதும் அந்தத் திறமைதான், காலை வாருவதும் அதுதான்.

ஜெனித் சிஎச் 701-ஐ எடுத்துக்கொள்வோம். ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் பயணி விமானத் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் கிறிஸ் ஹைன்ட்ஸ் கனடாவுக்குப் போய் வடிவமைத்த விமானம், 1986-இல் வந்தது. கரடுமுரடான சின்ன இடத்திலும் எழும்ப வேண்டும், சாதாரண ஆள் வீட்டு ஷெட்டிலேயே கட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். வெறும் எடை சுமார் 263 கிலோ, எல்லாம் ஏற்றிய பிறகு அதிகபட்சம் 500 கிலோ. இரண்டு பேருக்கு 150 கிலோ, டேங்க் நிறையப் பெட்ரோலுக்கு 55 கிலோ போனால் மிச்சம் முப்பது கிலோ சொச்சம்.

இங்கேதான் முதல் தவறு. "இந்த இடம் லேசா இருக்கே, ஒரு பட்டி கூடப் போட்டுடலாம்" என்று கை பரபரக்கும். லாரியில் அது சரி. இங்கே பட்டி முடிகிற ஓரத்தில் விசை குவிந்து, அங்கே விரிசல் விடும். வால் பக்கம் போட்டால் இன்னும் மோசம்: எடை மையம் பின்னுக்குப் போய்விடும், ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தால், மூக்கைக் கீழே கொண்டுவருவதே கஷ்டம். சீட்டுக்குத் தடித்த ஃபோம், இரண்டு கோட் பெயின்ட் எல்லாமே எடைதான். கட்டி முடித்ததும் மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து எடை போட்டு, மையத்தைக் கணக்கிடாமல் பறக்கவே கூடாது.

அதே குடும்பத்து சிஎச் 601 எக்ஸ்எல்லுக்கும் இறக்கையைக் கெட்டிப்படுத்தத்தானே செய்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். அதன் இறக்கைகள் வானத்திலேயே முறிந்த விபத்துகளுக்குப் பிறகு, 2009 ஏப்ரலில் அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு அதைப் பறக்கவிடக் கூடாது என்று கேட்டது. பிறகு வந்த திருத்தத்தில் இறக்கைக்கு வலு சேர்த்ததோடு, அதிர்வைத் தடுக்க எய்லரான்களுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்னோரத்தில் இருக்கும் அசையும் தகடுகள்) சமன் எடையும் வைத்தார்கள். கணக்குப் போட்டு, சோதித்துச் செய்த வேலை அது. கிட் வாங்கியவர் இத்தகைய அறிவிப்புகளைத் தேடிப் படிக்காமல் இருப்பது இரண்டாவது பெரிய தவறு.

தகட்டு வேலையில் சின்ன விஷயம் ஒன்று. அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடாதீர்கள். கிராஃபைட் பட்ட இடத்தில், ஈரம் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும். மார்க்கர் பேனா போதும். துளை போட்டதும் விரலால் தடவிப் பாருங்கள், பிசிர் தட்டுப்பட்டால் எடுத்துவிட்டுத்தான் ரிவெட்.

பெட்ரோல் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இந்த வகை விமானங்களில் அதிகம் பொருத்தப்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பதோ 20 சதவீதம் கலந்தது. அப்புறம், எஞ்சின் ஆயிலை நேராகக் குச்சி விட்டுப் பார்த்தால் தப்பான அளவு காட்டும். இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, சுழலும் திசையிலேயே புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். ஆயில் டேங்கில் 'களக்' என்று சத்தம் வந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஏற்காடு ஆசை. எஸ்டேட்டில் ஒரு பட்டை நிலம் இருந்தால் போதும், இறங்கிவிடலாம் என்று தோன்றும். கையேட்டில் போட்டிருக்கும் ஓடுதூரம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு, 15 டிகிரி வெப்பத்துக்கு. சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் 38 டிகிரி வெயிலில் காற்று 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல மெலிந்துவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் 25 டிகிரி அடித்தாலே 2,200 மீட்டர் கணக்கு. எஞ்சின், புரொப்பெல்லர், இறக்கை மூன்றும் ஒன்றாகச் சோர்ந்துபோகும், எதிரே மலை நிற்கும். அதோடு 701 வகைக்குக் காற்றுத்தடை அதிகம். ஏறும்போது எஞ்சின் நின்றால், மூக்கை உடனே அழுத்தாவிட்டால் வேகம் சட்டென்று போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால், கிட்டுக்குப் பணம் கட்டுமுன் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ-விடம் எந்த வகையில் பதிவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்தை 2016-லேயே கண்காட்சியில் வைத்தார். அதற்குப் பதிவு கிடைத்தது 2017-இல்தான்.