தனி நாடு என்றதும் தொழிலதிபர்கள் சொல்வதைப் படிப்பதில் நேரும் தவறுகள்

ஒரு நாட்டின் அரசியலமைப்பு மாறப்போகிறது என்ற பேச்சு கிளம்பிவிட்டால் போதும், "தொழில்துறை எதிர்க்கிறது" என்று தலைப்புச் செய்தி வந்துவிடும். அதை நம்பிக்கொண்டு ஒரு கட்டுரையே எழுதிவிடுகிறவர்களும் உண்டு. பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாவதா என்று 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் நடந்த சுதந்திர வாக்கெடுப்பைப் பார்த்தால், எங்கெங்கே சறுக்குகிறோம் என்பது நன்றாகவே தெரியும்.

முதல் சறுக்கல், தொழில்துறைக்கு ஒரே குரல் என்று எண்ணுவது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று, 130க்கும் மேற்பட்ட தொழிலதிபர்கள் சுதந்திரத்துக்கு எதிராகப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மறுநாளே, 200க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட ஆதரவுக் கடிதம் வந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்து யார் பக்கம் கனம் என்று பார்ப்பது வீண் வேலை. கையெழுத்துப் போட்டவர் யார், அவருடைய சரக்கு எங்கே விற்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் இயங்கிய ஸ்டாண்டர்ட் லைஃப் ஓய்வூதிய நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் எல்லைக்குத் தெற்கே இருந்தார்கள். அவர்களுடைய சேமிப்பு பவுண்டில் இருக்கிறது. அதனால் அந்த நிறுவனம் பிப்ரவரியிலேயே, தேவைப்பட்டால் வேலைகளில் ஒரு பகுதியை மாற்றிவிட ஸ்காட்லாந்துக்கு வெளியே புதிய கம்பெனிகளைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டில் இறங்கிவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனத் தலைவர் வில்லி வால்ஷோ, சுதந்திரம் வந்தால் தங்களுக்கு நல்லதாகவே இருக்கலாம் என்றார். அவருக்கு ஸ்காட்லாந்து மீது தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. விமானப் பயணிகள் வரியைக் குறைப்போம் என்று எடின்பரோ அரசு சொல்லியிருந்தது, அவ்வளவுதான்.

சங்கம் சொல்வதை உறுப்பினர்கள் சொல்வதாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. பிரிட்டிஷ் தொழில் கூட்டமைப்பான சிபிஐ, அந்த ஏப்ரலில் தேர்தல் ஆணையத்தில் சுதந்திரத்தை எதிர்க்கும் பிரசார அமைப்பாகப் பதிவுசெய்துகொண்டது. உடனே ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் சில பல்கலைக்கழகங்களும் கூட்டமைப்பை விட்டு விலகின. அப்புறம், கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லி, பதிவையே செல்லாததாக்கிக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய அமைப்பில் இப்படியும் நடக்குமா என்று கேட்கத் தோன்றும். நடந்தது. ஒரு சங்கத்தின் அறிக்கைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அறிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அதிகம் பேர் விழும் குழி, "கம்பெனி ஊரை விட்டுப் போகிறது" என்ற செய்தி. செப்டம்பர் 7 அன்று வெளியான ஒரு கருத்துக்கணிப்பு சுதந்திர ஆதரவாளர்களுக்கு 51 சதவீதம் கொடுத்தது. மறுநாள் பவுண்டும் சரிந்தது, ஸ்காட்லாந்து வங்கிப் பங்குகளும் சரிந்தன. அந்த வாரமே ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் லாயிட்ஸ் வங்கியும், ஆதரவு வாக்கு வென்றால் இங்கிலாந்துக்கு மாறுவோம் என்றன. படித்தவர்கள் பலர் ஆயிரக்கணக்கான வேலை போகப்போகிறது என்றே புரிந்துகொண்டார்கள். ஆனால் ராயல் பேங்க் பேசியது பதிவு அலுவலகத்தைப் பற்றி, அதாவது சட்டப்படி கம்பெனிக்கு எது சொந்த ஊர் என்பதைப் பற்றி. நெருக்கடி வந்தால் கைகொடுக்கும் மைய வங்கி எது, கடன் தரமதிப்பீடு என்ன ஆகும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. வேலைகளை மாற்றும் எண்ணம் இல்லை என்று அதன் தலைமை அதிகாரி ராஸ் மெக்கீவன் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லியிருந்தார். தலைப்போடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வங்கியின் பங்குகளில் சுமார் 80 சதவீதம் அப்போது லண்டன் அரசின் கையில் இருந்தது. இயக்குநர் குழு இன்னும் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, நிதியமைச்சகத்திலிருந்து ஊடகத்துக்கு மின்னஞ்சல் போய்விட்டது. இதைக் கண்டித்து, சுதந்திரத்துக்காகப் பிரசாரம் செய்த ஸ்காட்லாந்து முதல்வர் அலெக்ஸ் சால்மண்ட் விசாரணை கேட்டார். வங்கி சொன்னது பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அதைச் சொன்ன நேரத்தில் அரசியலும் இருந்தது, அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

தொழிலதிபர் எச்சரித்தால் அது நடந்தே தீரும் என்பதும், அவர் நிலைப்பாடு மாறவே மாறாது என்பதும் ஒரே மாதிரியான தவறுகள். பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்துக்கென்று ஒரு நாடாளுமன்றம் அமைப்பது பற்றி 1997-ல் நடந்த வாக்கெடுப்பின்போது, அந்த எடின்பரோ நாடாளுமன்றத்துக்கு வருமான வரியை 3 சதவீதப் புள்ளி வரை கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் கொடுப்பது பற்றி பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் தலைவர் புரூஸ் பட்டுல்லோ எச்சரித்தார். மக்கள் அதைக் கேட்கவில்லை, 63.5 சதவீதம் பேர் வரி அதிகாரத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அதிகாரம் கடைசிவரை பயன்படுத்தப்படவே இல்லை. 2014-ல் சண்டை சுதந்திரத்தைப் பற்றியதாக இருந்தது. 1997-ல் பயமுறுத்திய நாடாளுமன்றம் அதற்குள் பழகிய வீட்டுப் பொருள்போல் ஆகிவிட்டிருந்தது. இந்த முறை எதிர்ப்பு வென்றது, 55.3 சதவீதம். தொழிலதிபர்கள் சொன்னதால்தான் வென்றதா என்றால், 1997-ஐ வைத்துப் பார்க்கும்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

ஸ்பெயினிலிருந்து பிரியப் பார்த்த கத்தலோனியா மாநிலத்திலும் இதே கதைதான், கொஞ்சம் வேகமாக நடந்தது. 2017 அக்டோபரில் அங்கே நடந்த சுதந்திர வாக்கெடுப்புக்குப் பின் ஒரு வாரத்துக்குள், கத்தலோனியாவுக்கு வெளியே சபதெல் வங்கி தன் பதிவு அலுவலகத்தை அலிகாந்தேவுக்கும், கைஷாபேங்க் வங்கி வலென்சியாவுக்கும் மாற்றின. கைஷாபேங்க் கிளம்பிய அக்டோபர் 6 அன்றுதான், பங்குதாரர் கூட்டம் கூட்டாமல் இயக்குநர் குழுவே ஊர் மாறலாம் என்று மாட்ரிட்டில் இருந்த ஸ்பெயின் அரசு அவசர ஆணை போட்டது. கதவைத் திறந்துவிட்டது யார் என்று கேட்காமல், ஓடியவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜனவரியில் சபதெல் மறுபடி கத்தலோனியாவுக்கே திரும்புவதாக அறிவித்தது. அரசியல் சூடு தணிந்ததுதான் காரணம் என்று முடித்துவிடக் கூடாது. பிபிவிஏ என்ற இன்னொரு ஸ்பானிய வங்கி சபதெலை வளைத்துப்போட முயன்றுகொண்டிருந்த நேரம் அது.