ரேடியோல இரைச்சல் வந்தா உடனே பவர ஏத்தாதீங்க

கையில தூக்கிட்டுப் போற ராணுவ ரேடியோல திடீர்னு இரைச்சல் வந்து எதிர்முனை குரல் முங்கிப் போச்சுன்னா, நிறைய பேர் கை நேரா பவர் நாப்புக்குத்தான் போகும். தப்பு. ஜாமர், அதாவது நம்ம பேச்ச முங்கடிக்க எதிரி அதே அலைவரிசைல சிக்னல் அனுப்பற கருவி, அடைக்கறது பேசறவன் வாயை இல்ல, கேக்கறவன் காதை. உங்க செட்ல இரைச்சல் இருக்கும்போது நீங்க பவர் ஏத்தினா உங்களுக்கு ஒண்ணும் கூடுதலா கேக்காது, திசை கண்டுபிடிக்கற கருவி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவனுக்குத்தான் நீங்க நிக்கற இடம் இன்னும் தெளிவா தெரியும். எதிர்முனைல இருக்கறவர் செட்ட ஜாமர் அடைக்குதுன்னா பவர் உதவும்தான், ஆனா அது கடைசி வழி.

அதுக்கு முன்னாடி, வர்றது ஜாமிங்தானான்னு பாருங்க. ஆன்டெனாவ கழட்டிட்டு கேளுங்க (கழட்டின நிலைல பிடிடி பட்டனை, அதாவது பேசறதுக்கு அமுக்கற பட்டனை மட்டும் அமுக்கிடாதீங்க, செட் போயிடும்). இரைச்சல் குறைஞ்சா வெளியிலருந்து வருது, அப்படியே இருந்தா கோளாறு உங்க செட்லயோ ஹெட்செட் வயர்லயோ இருக்கு. வெளியிலருந்து வந்தாலும் உடனே எதிரின்னு முடிவு கட்ட வேண்டாம், பக்கத்து ஜெனரேட்டரா இருக்கலாம், ரெண்டடி தள்ளி நிக்கற நம்ம ஆளோட இன்னொரு செட்டாவே இருக்கலாம்.

இதுல ரொம்ப பேர் ஏமாறற இடம் சத்தமே இல்லாத ஜாமிங். அனலாக் எஃப்எம் செட்ல எதிரி குரலோ சத்தமோ ஏத்தாத வெறும் அலைய (கேரியர்) மட்டும் பலமா அனுப்பினா இரைச்சல் வராது, அமைதியாயிடும், நாமளும் யாரும் பேசலன்னு நெனச்சு சும்மா இருப்போம். ஸ்குவெல்ச்ச (யாரும் பேசாதப்ப வர்ற இரைச்சல அடக்கி வெக்கற வசதி) ஆஃப் பண்ணிப் பாருங்க, எப்பவும் வர்ற அந்த "உஸ்ஸ்" காணோம்னா சேனல்ல யாரோ உக்காந்திருக்கான்.

பவரவிட இடம்தான் பெருசு. திறந்த வெளில தூரத்த பாதியாக்கினா சிக்னல் நாலு மடங்கு ஆகும், அதாவது 5 வாட் செட்ட 20 வாட் ஆக்கின மாதிரி, அதுவும் பேட்டரி செலவில்லாம. ஜாமருக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு மேடோ கட்டடமோ வர்ற மாதிரி நகருங்க, ஆன்டெனாவ மடக்கிக் கட்டாம நேரா நிமித்துங்க.

ஃப்ரீக்வென்சி ஹாப்பிங் (செட் தானாவே சேனல் விட்டு சேனல் வேகமா தாவறது) இருக்கு, நமக்கென்னன்னு இருக்கறதும் தப்புதான். அமெரிக்க ராணுவத்தோட சிங்கார்ஸ் ரேடியோ செட் 30லருந்து 88 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 2320 சேனல்ல செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல தாவும், ஆனா ரெண்டு முனைலயும் கடிகாரம் ஒத்துப்போனாத்தான் பேச முடியும். ஜிபிஎஸ்லருந்து நேரம் எடுக்கற செட்டா இருந்து அந்த ஜிபிஎஸ்ஸையே அடைச்சுட்டா, கடிகாரம் விலக விலக ஒருத்தர ஒருத்தர் தவறவிட ஆரம்பிச்சுடுவாங்க, அதனால நேரத்த கையால ஏத்தற முறை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். என்க்ரிப்ஷனையும் (பேச்ச ரகசியக் குறியா மாத்தி அனுப்பறது) இதோட குழப்பிக்காதீங்க, அது ஒட்டுக்கேக்கறத தடுக்கும், அடைக்கறத தடுக்காது.

எனக்கு ரொம்ப கவலையான தப்பு ஒண்ணு இருக்கு. பதட்டத்துல "ஜாம் பண்றாங்க, அடுத்த சேனலுக்கு வாங்க"ன்னு திறந்த சேனல்லயே கத்தறது. ஜாம் பண்றவனுக்கு தன் வேலை பலிச்சதும் தெரிஞ்சுபோச்சு, அடுத்து எங்க தேடணும்னும் தெரிஞ்சுபோச்சு. 1914ல, முதல் உலகப் போர்ல, டானன்பர்க் சண்டைல ரஷ்யப் படை உத்தரவுகள ரகசியக் குறி இல்லாமலே ரேடியோல அனுப்பி, ஜெர்மன்காரங்க அத அப்படியே கேட்டு வெச்சுக்கிட்டாங்க. மாத்து சேனலும் அதுக்கான குறிச்சொல்லும் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவாகியிருக்கணும். ஜாமிங் வந்த சேனல்லயும் ஒருத்தர் வழக்கம்போல சுருக்கமா பேசிட்டே இருக்கட்டும், மத்தவங்க சத்தமில்லாம மாத்து சேனலுக்கு நகரட்டும், எத்தன மணிக்கு, எந்த ஃப்ரீக்வென்சில, எப்படிப்பட்ட சத்தம் எவ்வளவு நேரம் வந்துச்சுன்னு ஒருத்தர் அப்பவே எழுதி வெச்சுக்கட்டும்.