மிக்ஸி சத்தத்தில் மிரளும் நாயைப் பழக்குவது

காப்பகத்திலிருந்து வந்த நாய் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கினால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அந்த இடம் அதற்கு வேண்டும். பழைய போர்வையை விரித்து, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். எங்கள் சிட்டு ஹாலுக்கு வரத் தொடங்கியதே வீடு அடங்கிய பிறகுதான். பார்த்தும் பாராததுபோல் படுத்திருப்போம்.

நம் வீடுகளில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை: குக்கர் விசில், காலிங் பெல், கைதவறி விழும் எவர்சில்வர் தட்டு. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரையான கீச்சொலியோடு சரி; நாய்க்கு 40,000 தாண்டியும் கேட்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டுவுக்கு மிக்ஸிதான் எமன். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியைச் சுண்டைக்காய் அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்வேன். நாயோடு நான் கடைசி அறையில். சமையலறையில் அம்மா மிக்ஸியை ஒரு நொடி ஓட்டி நிறுத்துவார். சத்தம் கேட்டதும் கறி. சத்தம் நின்றால் கறியும் நின்றுவிடும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. கறியை முதலில் காட்டிவிட்டு மிக்ஸியைப் போட்டால், நாய் கறியைக் கண்டாலே மிரள ஆரம்பித்துவிடும். வரிசை தப்பாமல் செய்துவந்தால், ஒரு நாள் சத்தம் கேட்டதும் அது உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கும். அதன்பிறகுதான் ஓரடி கிட்டே போக வேண்டும்.

பிடித்த கறியையே வாங்க மறுத்தால் அளவுக்கு மீறிக் கிட்டே வந்துவிட்டீர்கள், தள்ளிப் போங்கள். வாலை ஒடுக்குவது யாருக்கும் தெரியும். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையும் பயம்தான். சிட்டுவிடம் முதலில் வருவது கொட்டாவி.

கம்போடு விரட்டப்பட்ட நாய்க்குத் துடைப்பத்தைக் கண்டாலே உடம்பு நடுங்கும். அதைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் கறித்துண்டுகளைப் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். தானாக வந்து தின்னட்டும். அது பழகிய பிறகு மெல்ல நகர்த்தலாம். கையில் தூக்குவது கடைசியில். ஹெல்மெட்டோடு யாரும் வீட்டுக்குள் வர வேண்டாம், வாசலிலேயே கழற்றட்டும்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பார்கள். நம்பாதீர்கள். ஒண்டிக்கொள்ள வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குப் பல மாதம் முன்பே, பட்டாசுச் சத்தத்தைப் போனில் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்து இதே முறையில் பழக்குங்கள். அன்றைக்கு இருட்டும் முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்துங்கள். கழுத்துப்பட்டையோடு, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் கட்டாயம். மிரண்ட நாய் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். எத்தனை பொறுமையாகப் பழக்கியும் சாப்பாட்டைத் தொடாமல் நடுங்கிக்கொண்டே கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பயத்தைத் தணிக்க மருந்து இருக்கிறது. வீட்டில் நமக்காக வைத்திருக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.